எடை நின்றுபோனால்: இன்னும் குறைப்பதா, இரண்டு வாரம் இடைவேளை விடுவதா?

88 கிலோவில் தொடங்கி ஏழு மாதத்தில் 79-க்கு வந்தேன். அப்புறம் ஏழு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. காலையில் எழுந்து மெஷினில் ஏறினால் 79.2, 78.9, 79.4, மறுபடி 79.1. எதையும் தளர்த்தியதாக எனக்குத் தோன்றவில்லை. இப்படி எடை தேங்கி நிற்கும்போது யாரைக் கேட்டாலும் நான்கு வழிகள்தான் சொல்வார்கள். சாப்பாட்டை இன்னும் குறை, நடையையும் ஓட்டத்தையும் கூட்டு, எடை தூக்கு, இல்லையென்றால் கொஞ்ச நாள் டயட்டையே நிறுத்தி வை. நான்கையும் ஏதோ ஓர் அளவுக்குச் செய்து பார்த்துவிட்டேன். எனக்குக் கைகொடுத்தது கடைசி வழிதான். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒப்பிடுவதற்கு முன்னால், எடை நிஜமாகவே நின்றிருக்கிறதா என்று பாருங்கள். பத்து நாள் இறங்கவில்லை என்றால் அது தேக்கம் இல்லை. உப்பு கூடுதலாகச் சாப்பிட்ட மறுநாள், மலச்சிக்கல், மாதவிடாய்க்கு முந்தைய வாரம், புதிய உடற்பயிற்சி தொடங்கிய முதல் வாரங்கள் என்று எத்தனையோ காரணங்களால் உடலில் நீர் தங்கும். அந்த ஒன்றிரண்டு கிலோ நீர், கரைந்த கொழுப்பை மறைத்துவிடும். தினமும் எடை பார்த்து வாரச் சராசரி எடுங்கள். நான்கு வாரச் சராசரி ஒரே இடத்தில் நின்று, இடுப்புச் சுற்றளவும் குறையவில்லை என்றால் அது தேக்கம்தான்.

அடுத்தது அளவு. தினமும் ஒரு கைப்பிடி பாதாம் சாப்பிட்டு 30 கிராம் என்று எழுதிவந்தேன். ஒருநாள் அதைத் தராசில் கொட்டிப் பார்த்தால் 52 கிராம். அந்த வித்தியாசம் மட்டுமே 120 கலோரிக்கு மேல். ஒரு கரண்டி என்று நினைத்து ஊற்றிய எண்ணெய் கிட்டத்தட்ட இரண்டு கரண்டி இருந்தது. அதிலும் நூறு கலோரிக்குக் குறையாது. இது என் கவனக்குறைவு மட்டும் இல்லை. 1992-ல் அமெரிக்காவில், எவ்வளவு குறைத்தாலும் எடை இறங்கவில்லை என்று சொன்னவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அவர்கள் உண்மையில் சாப்பிட்டதைவிட 47 சதவீதம் குறைவாகவும், செய்த உடலுழைப்பை 51 சதவீதம் கூடுதலாகவும் சொல்லியிருந்தார்கள். பொய் சொல்லும் நோக்கத்தில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. கண்ணளவு அப்படித்தான் இருக்கும். ஆகவே எந்த வழிக்குப் போனாலும் முதல் ஒரு வாரம் எல்லாவற்றையும் தராசில் நிறுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

சரி, முதல் வழி: இன்னும் குறைப்பது. கணக்கு நியாயமானதுதான். உடல் சிறியதாகிவிட்டால் அதற்குத் தேவையான கலோரியும் குறையும். அதற்கு மேலும், எடை குறைந்த உடல் அந்தச் சிறிய அளவுக்கு எதிர்பார்ப்பதைவிடக் கொஞ்சம் சிக்கனமாகவே செலவு செய்யும் என்று 1995-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். அதனால் உணவிலிருந்து 100, 150 கலோரி குறைப்பதில் தப்பில்லை. 1,600 கலோரி என்று நினைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நான் ஒரேயடியாக 1,300-க்கு இறங்கினேன். மூன்று வாரத்தில் 600 கிராம் குறைந்தது. ஆனால் தினமும் 8,000 அடி நடந்துகொண்டிருந்தவன், எனக்கே தெரியாமல் 5,000 அடிக்கு வந்திருந்தேன். மாடிப்படி ஏறுவதைத் தவிர்த்தேன், உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாம் கேட்டேன். நான்காவது வார இறுதியில் இரண்டே நாளில் அந்த 600 கிராமும் திரும்பி வந்தது. 1944-45-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 ஆண்களை 24 வாரம் பாதிச் சாப்பாட்டில் வைத்துப் பார்த்தபோதும் இதுதான் நடந்தது. அவர்கள் அசைவதே குறைந்தது, நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைவிலேயே இருந்தார்கள். பசியில் உடல் எதை மிச்சம் பிடிக்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான பதிவு இல்லை.

இரண்டாவது வழியான கார்டியோவைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. இதயத்துக்கு நல்லது, தூக்கத்துக்கு நல்லது, அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தேக்கத்தை உடைக்க மட்டும் என்று ஓடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். முக்கால் மணி நேரம் ஓடிச் செலவழித்ததில் ஒரு பகுதியை, மீதி நாளில் குறைவாக அசைந்து உடல் ஈடுகட்டிக்கொள்ளும். இன்னொரு பகுதி பசியாகத் திரும்பி வரும். எனக்கு இரண்டாவது வாரமே முழங்கால் வலி வந்ததால் நிறுத்திவிட்டேன். தினசரி நடை வேறு விஷயம், அதை எந்த வழியிலும் விடக் கூடாது.

எடைப் பயிற்சி எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் மூன்று மாதம்தான் ஆகிறது. எடை குறையும்போது கொழுப்போடு தசையும் போகும். அதைத் தடுக்க இதைவிட நல்ல வழி இல்லை. தசை கூடினால் சும்மா இருக்கும்போதே கலோரி எரியும் என்று சொல்வதை மட்டும் பெரிதாக நம்பாதீர்கள். ஒரு கிலோ தசை ஓய்வில் எரிப்பது நாளுக்குச் சுமார் 13 கலோரிதான். ஆக, உடலை வலுவாக வைத்துக்கொள்ள இது வேண்டும், தேக்கத்தை இது தனியாக உடைக்காது. நீண்ட நாள் செய்தவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

இப்போது நான் தேர்ந்தெடுத்த வழிக்கு வருகிறேன். இரண்டு வாரம் எடை குறைக்கும் முயற்சியையே நிறுத்தி, அப்போதைய உடலுக்குத் தேவையான முழு அளவைச் சாப்பிடுவது. கண்டபடி சாப்பிடுவது அல்ல, இதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். என் கணக்கில் அது நாளுக்கு 2,050 கலோரி. தராசும் குறிப்பேடும் அப்படியே இருந்தன, நடையும் இருந்தது, அளவு மட்டும் கூடியது.

முதல் நான்கு நாளில் 1.1 கிலோ ஏறியது. மனம் பதறத்தான் செய்தது. ஆனால் அது கொழுப்பாக இருக்க முடியாது. ஒரு கிலோ கொழுப்பு சேர, தேவைக்கு மேல் 7,700 கலோரி போல வேண்டும். நான் தேவைக்கு மேல் சாப்பிடவே இல்லை. மாவுச்சத்து கூடும்போது தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜன், அதாவது உடல் சேமித்து வைக்கும் மாவுச்சத்து, நிரம்பும், ஒரு கிராம் கிளைகோஜன் மூன்று கிராம் நீரையாவது பிடித்து வைத்துக்கொள்ளும். ஐந்தாம் நாள் ஏற்றம் நின்றது. அந்த வாரக் கடைசியில் இரவு எழுந்து சமையலறைக்குப் போகும் பழக்கம் நின்றிருந்தது. இரண்டாம் வாரம் தானாகவே 8,500 அடி நடந்திருந்தேன்.

அப்புறம் 1,650-க்குத் திரும்பினேன். முதல் வாரத்தில் ஏறிய நீர் இறங்கியது, பத்தாவது நாள் 79-க்குக் கீழே போனேன், எட்டு வாரத்தில் 75.8. இதில் ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. 1,600 என்று நான் முன்னால் நினைத்திருந்தது நிஜத்தில் 1,900-க்குப் பக்கத்தில் இருந்திருக்கும். இந்த முறைதான் ஒவ்வொன்றையும் நிறுத்துச் சாப்பிட்டேன். ஆக, பலனில் பாதி தராசுக்கே சேரலாம்.

ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. ஆஸ்திரேலியாவில் உடல் பருமன் உள்ள 51 ஆண்களை வைத்து நடத்தி 2017-ல் வெளியான மேட்டடோர் ஆய்வில், இரண்டு வாரம் குறைத்து இரண்டு வாரம் இடைவேளை விட்டவர்கள் சராசரியாக 14 கிலோ இழந்தார்கள். விடாமல் குறைத்தவர்கள் 9 கிலோ. இரு தரப்பும் குறைவாகச் சாப்பிட்ட மொத்தக் காலம் ஒன்றுதான், 16 வாரம். ஆனால் ஏற்கெனவே எடைப் பயிற்சி செய்துவந்தவர்களிடம் 2021-ல் வந்த ஆய்வில் கொழுப்பு இழப்பில் வித்தியாசம் தெரியவில்லை. இடைவேளை விட்டவர்களுக்குப் பசி குறைவாக இருந்தது. ஆகவே இடைவேளை மெட்டபாலிசத்தை முடுக்கிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன்.

நான் இதைத் தேர்ந்தெடுத்த காரணமே வேறு. இறங்கிய எடை திரும்பி ஏறாமல் இருக்குமா என்பதுதான் என் கேள்வி. அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹால் குழுவினர் 2016-ல் போட்ட கணக்குப்படி, இழக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் உடலின் செலவு நாளுக்கு 20 முதல் 30 கலோரி குறைகிறது, பசியோ 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது. நம்மைத் திரும்ப இழுப்பதில் பெரிய பங்கு பசிக்குத்தான். 10 கிலோ இறங்கியவர் அந்தப் பசியோடுதான் வருடக்கணக்கில் வாழ வேண்டும். 1,300 கலோரியில் வாழ யாராலும் முடியாது, தினமும் ஓட எல்லோராலும் முடியாது. ஒருநாள் எல்லோருமே டயட்டை நிறுத்தித்தான் ஆக வேண்டும். நிறுத்திய மறுநாள் எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பதை மற்ற மூன்று வழிகளும் எனக்குச் சொல்லித்தரவில்லை. முன்பு ஒருமுறை 6 கிலோ இறக்கி, நிறுத்திய நான்கு மாதத்தில் 7 கிலோ ஏற்றிக்கொண்டவன் நான். குறைப்பது, விட்டுவிடுவது என்ற இரண்டு நிலை மட்டுமே அப்போது எனக்குத் தெரியும். இந்த இரண்டு வாரத்தில்தான் நடுவில் ஒரு நிலை இருக்கிறது என்று தட்டில் பார்த்தேன்: வழக்கமான சாப்பாட்டோடு இன்னொரு கரண்டி சோறு, ஒரு பழம், கொஞ்சம் பாதாம். கூடுதல் அவ்வளவுதான்.

நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டு அளவை மாற்றும் முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். களைப்பும் குளிர் தாங்காமையும் சேர்ந்திருந்தால் தைராய்டு பார்ப்பது நல்லது. ஒருமுறை தளர்த்தினால் நிறுத்தவே முடியாமல் சாப்பிட்டுவிடும் பழக்கம் உள்ளவர்களுக்கு இடைவேளை ஆபத்தாகவும் முடியலாம். அவர்கள் 100 கலோரி குறைத்து, நடையை 2,000 அடி கூட்டிப் பார்க்கலாம்.

எனக்கு அடுத்த இடைவேளை வரும் திங்கட்கிழமை தொடங்குகிறது. 75.8 கிலோவுக்குக் கணக்குப் போட்டதில் இந்த முறை 1,980 கலோரி வருகிறது.