டோட்டன்ஹாம் ஸ்டேடியம் அருமை. சேர்மன் தேர்ந்தெடுத்த மேனேஜர்கள்?

முதலில் ஸ்டேடியம். இங்கிலாந்துக் கால்பந்து கிளப் டோட்டன்ஹாமின் பழைய மைதானம் ஒயிட் ஹார்ட் லேன். வடக்கு லண்டனில் அது இருந்த இடத்திலேயே 2019 ஏப்ரலில் திறந்த டோட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் ஸ்டேடியத்துக்குப் போவதாக இருந்தால், தெற்கு ஸ்டாண்டில் டிக்கெட் தேடுங்கள். நடுவில் மாடி எதுவும் இல்லாமல், ஒரே சரிவில் 17,500 பேர். கோல் விழும்போது அங்கே எழும் சத்தம் டிவியில் கேட்பதல்ல. பின்வரிசையிலிருந்தும் ஆட்டம் நன்றாகத் தெரியும். பீர் கோப்பையின் அடியிலிருந்து நிரம்புவதால் பாரில் வரிசை சீக்கிரம் நகரும். ரொக்கம் வாங்க மாட்டார்கள், கார்டு கொண்டுபோங்கள். இடத்துக்கு 5க்கு 5.

இதைக் கட்டிக் கொடுத்தவர் டேனியல் லெவி. 2001 முதல் 2025 செப்டம்பர் வரை கிளப்பின் சேர்மன். அவரை யாராவது குறை சொன்னால் உடனே இந்த ஸ்டேடியத்தைக் காட்டுவார்கள். எனக்கு அது போதாது. நான் டிக்கெட் வாங்குவது ஆட்டம் பார்க்க. எப்படி ஆடுவது என்று முடிவு செய்பவர் மேனேஜர், அந்த மேனேஜரை முடிவு செய்தவர் லெவி. அதை வைத்துத்தான் அவரை எடை போட வேண்டும்.

ஒவ்வொரு மேனேஜரும் ஜெயித்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. காயம், பணம், அதிர்ஷ்டம் எல்லாம் நடுவில் வரும். ஒருவருக்குப் பின் இன்னொருவரை ஏன் கொண்டுவந்தார் என்பதற்குக் காரணம் இருக்கிறதா, அதுதான் என் கேள்வி. 2008 அக்டோபரில் 8 லீக் ஆட்டத்தில் 2 பாயின்ட்டோடு அணி கடைசியில் கிடந்தபோது ஹாரி ரெட்நாப்பை அழைத்துவந்தார். அடுத்த சீசனிலேயே நான்காம் இடம். அருமையான தேர்வு. 2014இல் வந்த பொச்செட்டினோ அதைவிட மேல். இளம் வீரர்கள், ஓயாத ஓட்டம், 2016-17இல் 86 பாயின்ட். 2018 கோடையில் லெவி ஒரு வீரரைக்கூட வாங்கித் தரவில்லை, அப்படியும் அந்த சீசனில் பொச்செட்டினோ ஐரோப்பாவின் பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் ஃபைனல் வரை போனார். அந்த ஃபைனல் முடிந்த ஐந்தரை மாதத்தில் லெவி அவரை நீக்கி, மறுநாள் காலையே கோப்பைகளுக்குப் பேர்போன மொரீன்யோ!

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. பொச்செட்டினோ ஐந்து வருடம் பழக்கிய அணியை அதற்கு நேர் எதிரான ஆட்டம் ஆடுபவரிடம் கொடுத்தார். சரி, கோப்பைக்காக என்று வைத்துக்கொண்டாலும், 2021இல் லீக் கோப்பை ஃபைனலுக்கு ஆறு நாள் இருக்கும்போது அவரையும் நீக்கினார். ஃபைனலில் அணியை நடத்தியவர் 29 வயது ரயன் மேசன். மான்செஸ்டர் சிட்டியிடம் 0-1. அப்புறம், தடையில்லாத, தாக்கி ஆடும் கால்பந்துதான் இந்தக் கிளப்பின் இயல்பு, புது மேனேஜர் அதைக் கொண்டுவருவார் என்று லெவியே எழுதினார். 72 நாள் தேடி எடுத்தது, தற்காப்புக்குப் பேர்போன நூனோவை. 17 ஆட்டத்தில் அவர் கதை முடிந்தது. அடுத்து வந்த கோன்டேயும் அந்த வாக்குறுதிக்கு உரியவர் இல்லை.

லெவி காலத்தில் வந்த பெரிய கோப்பைகள் இரண்டு: 2008 லீக் கோப்பை, 2025 யூரோப்பா லீக். முதலாவதை வென்ற ஹுவாண்டே ராமோஸ் எட்டே மாதத்தில் போனார். இரண்டாவதை வென்ற போஸ்டெகோக்லு 16 நாளில் போனார்.

மேனேஜர் தேர்வுக்கு நான் தருவது 5க்கு 2. போஸ்டெகோக்லுவை நீக்கியதற்காக மதிப்பெண் குறைக்கவில்லை. லீக்கில் 38க்கு 22 தோல்வி, 17ஆம் இடம் என்றால் எந்தச் சேர்மனும் யோசிப்பார். ஆனால் லெவி எழுதிய அந்தத் தாக்கும் ஆட்டத்தை உண்மையாகவே ஆடவைத்தவர் அவர்தான். அப்படி ஒருவரை 2021இலேயே தேடியிருந்தால், கோல் மன்னன் ஹாரி கேன் டோட்டன்ஹாம் சட்டையில் இருந்தபோதே அந்த ஆட்டத்தை நாம் பார்த்திருப்போம்.