வேலந்தாவளம் பட்டறை: சக்கரத்தையும் பிரேக்கையும் கொடுக்கலாம், இன்ஜினை யோசித்துக் கொடுங்கள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் வழியில், தமிழ்நாட்டு எல்லைக்குச் சற்று முன்னால், தென்னந்தோப்பை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. போர்டு கிடையாது. அக்கம்பக்கத்தில் "மேஸ்திரி பட்டறை" என்று கேட்டால் கை காட்டுவார்கள். வாசலில் எப்போதும் டிராக்டர் டிரெய்லர் நிற்கும், பிழைப்பு அதில்தான். பின்பக்கம் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தால் ஆஸ்டின் செவன், மோரிஸ் எய்ட் மாதிரி கம்பிச் சக்கர வண்டிகள். பாலக்காடு, கோவை, பொள்ளாச்சிப் பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லியே இங்கே வண்டி வருகிறது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கம்பிச் சக்கரம், பிரேக், ஸ்டீயரிங் வேலைக்கு இந்த எல்லைப் பகுதியில் இதைவிட நல்ல கை கிடைப்பது கஷ்டம். இன்ஜினுக்கு ஈயம் ஊற்றும் வேலைக்கு வேறு இடம் பாருங்கள். பெயின்டுக்கு இங்கே போகவே வேண்டாம்.

இந்த வரிசை முக்கியம். பழைய வண்டி வாங்கியவர்கள் பெரும்பாலும் பெயின்டில் தொடங்கி, குரோமில் பணத்தைக் கரைத்து, பிரேக்குக்கு வரும்போது கையை விரிப்பார்கள். அந்தக் கால ரேஸ்காரர்களின் துணிச்சல் என்று நாம் பேசுவதெல்லாம், வேகம் வளர்ந்த அளவுக்கு டயரும் சக்கரமும் பிரேக்கும் வளராத வண்டியில் ஏறி உட்கார்ந்ததுதான். 1903 மே 24 அன்று வெர்சாயிலிருந்து கிளம்பிய பாரிஸ்–மாட்ரிட் ரேஸில் ஃபெர்னாண்ட் காப்ரியேல் தன் மோர்ஸ் வண்டியில் போர்தோ வரை சுமார் 550 கிலோமீட்டரை மணிக்கு 105 கிலோமீட்டர் சராசரியில் ஓட்டினார். தார் போடாத ரோடு, பின்சக்கரத்தில் மட்டும் பிரேக். முன்னால் போகிற வண்டியின் புழுதியில் ரோடே தெரியாமல், மரங்களின் உச்சியைப் பார்த்துத்தான் வளைவைக் கணித்தார்கள். அதே ரேஸில் மார்செல் ரெனோ விபத்தில் அடிபட்டு இறந்தார். வேடிக்கை பார்க்க நின்றவர்களும் செத்தார்கள். அரசாங்கம் ரேஸைப் போர்தோவிலேயே நிறுத்திவிட்டது. இன்று நாம் ஓட்டும் 1920, 30-களின் சின்ன வண்டிகள் அவ்வளவு மோசமில்லை என்றாலும், பிரேக்கில் அந்தப் பரம்பரையின் மிச்சம் இருக்கிறது.

மேஸ்திரிக்கு இது சொல்லாமலே தெரியும். வண்டி இறங்கியதும் ஒரு வாடிக்கையாளர், "ஏனுங்க மேஸ்திரி, கலர் எப்பங்க அடிக்கலாம்?" என்று கேட்டதற்கு வந்த பதில்: "மொதல்ல வண்டி நிக்கட்டுங்க, அப்பறம் மினுங்கட்டும்."

சக்கரத்திலிருந்து ஆரம்பிக்கலாம், இவர்கள் திறமை அங்கேதான். கோட்டம் எடுக்கும் பையன் சைக்கிள் கடையில் தொழில் பழகியவன். சக்கரத்தைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டி, ஒரு சின்ன ஸ்பேனரின் பிடியால் ஸ்போக் ஒவ்வொன்றையும் தட்டிக்கொண்டே போகிறான். இறுக்கமான கம்பி 'ணங்' என்று பேசும், தளர்ந்தது 'தட்' என்று செத்த சத்தம் கொடுக்கும். தளர்ந்த கம்பிக்குச் சாக்பீஸ் கோடு. ஒரே பக்கத்தில் கோடுகள் கூடினால் முறுக்கிச் சரிசெய்ய மாட்டான். ரிம்மே நெளிந்திருக்கிறது என்று அர்த்தம், கம்பியை இழுத்து ரிம்மை நேராக்கினால் மற்ற கம்பிகள் கழுத்தில் அறுந்து போகும். ஹப்பில் வளைந்து நுழையும் அந்தக் கழுத்துதான் எப்போதும் முதலில் விரிசல் விடும். விரிசல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அங்கே துரு ஒரு மெல்லிய வளையமாகக் கசிந்திருக்கும். அப்படி இரண்டு மூன்று கண்டால் செட்டோடு மாற்றிவிடுவது நல்லது.

கடைசியில் டயல் கேஜ் வைத்துப் பார்க்கிறார்கள். பக்கவாட்டு ஆட்டம் ஒன்றரை மில்லிக்குள் வந்தால்தான் இறக்குவார்கள். பிறகு நிப்பிளுக்கு (கம்பியை ரிம்மில் பிடிக்கும் குட்டி நட்டு) மேல் நீட்டியிருக்கும் கம்பி நுனிகளை அரைத்துச் சமமாக்கி ரிம் டேப் சுற்றுகிறார்கள். இதைச் செய்யாத இடங்கள் ஏராளம். டியூப் ஏன் மாதம் ஒருமுறை பஞ்சராகிறது என்று டயரைத் திட்டிக்கொண்டிருப்பவர்கள் ரிம்மின் உள்பக்கத்தைத் தடவிப் பார்க்கட்டும்.

நடுவில் ஒற்றை நட்டில் நிற்கும் சக்கரமாக இருந்தால், நீங்களே ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். வண்டியின் இடப்பக்க ஹப்பில் வலமாகத் திருகினால் இறுகும் சாதாரண மரை, வலப்பக்க ஹப்பில் அதற்கு எதிர் மரை. வண்டி ஓட ஓடச் சக்கரம் நட்டை இறுக்க வேண்டும் என்பது கணக்கு. யாரோ எப்போதோ ஹப்பைக் கழற்றி பக்கம் மாற்றிப் பூட்டியிருந்தால், ஓட ஓட நட்டு கழன்றுகொண்டே வரும். இந்தப் பட்டறையில் மாற்றிப் பூட்ட மாட்டார்கள், ஆனால் முந்தின பட்டறை செய்த தப்பை இவர்களாகத் தேடவும் மாட்டார்கள். கேட்டால் பார்ப்பார்கள்.

கம்பிச் சக்கரம் பற்றி இன்னொன்று. கல்யாண ஊர்வலத்துக்கு இந்த வண்டிகளை வாடகைக்குக் கேட்கிறார்கள். மட்கார்டு மூடாத சக்கரத்துக்குப் பக்கத்தில் துப்பட்டா, முந்தானை, வேட்டி நுனி எதுவும் தொங்கக் கூடாது. நடனக்காரி இசடோரா டங்கன் 1927-ல் நீஸ் நகரத்தில் இறந்தது கழுத்துத் துணி பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டதால்தான்.

பிரேக் வேலைக்கு வருவோம். நான்கு சக்கரப் பிரேக் இருந்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கை நம்மில் பலருக்கு உண்டு. 1914 ஜூலை 4 அன்று லியோனில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் பெஜோ, டெலாஜ், ஃபியட் வண்டிகளில் முன்சக்கரப் பிரேக்கும் இருந்தது. பின்பிரேக் மட்டும் வைத்த மெர்சிடிஸ் வண்டிகள்தான் முதல் மூன்று இடத்தையும் பிடித்தன. பெஜோவின் ஜார்ஜ் புவாலோ பிரேக்கை நம்பி வளைவுகளில் துணிந்து நுழைந்தார், ஆனால் டயர் மாற்ற மாற்ற நேரம் போனது, கடைசிச் சுற்றில் வண்டியும் நின்றது. முன்பிரேக் பெரிய கேடு என்று பழைய ஓட்டுநர்கள் பயந்ததிலும் நியாயம் இருந்தது: முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் ஸ்டீயரிங் எங்கே திருப்பினாலும் வண்டி நேராகத்தான் போகும். 1921-ல் ஜிம்மி மர்ஃபி ஓட்டி பிரெஞ்சு கிராண்ட் பிரீயை வென்ற டூசன்பர்கில் நான்கு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக். பயிற்சியில் அடிபட்ட விலா எலும்புக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டினார் மனுஷன். அதன் பிறகும் சின்ன கார்களுக்குக் கம்பியும் கேபிளும்தான் பல வருஷம்.

ஆஸ்டின் செவனில் 1930 வரை கால் பிரேக் பின்சக்கரத்துக்கு, கை பிரேக் முன்சக்கரத்துக்கு, இரண்டுக்கும் தொடர்பில்லை. இரண்டையும் இணைத்துத் தரச் சொல்லித்தான் பெரும்பாலோர் இந்தப் பட்டறைக்கு வருகிறார்கள். நன்றாகச் செய்கிறார்கள். முன்பக்கம் முதலில் பூட்டாதபடி முன் கேபிள் கொஞ்சம் தாமதமாக இழுக்கும்படி வைக்கிறார்கள். அட்ஜஸ்ட் செய்யும்போது ஜாக்கியைச் சேசிஸுக்கு அடியில் வைப்பதில்லை, ஆக்ஸிலுக்கு அடியில் வைக்கிறார்கள். சேசிஸில் தூக்கினால் ஆக்ஸில் தொங்கி கேபிள் நீளம் மாறும், அப்படி அட்ஜஸ்ட் செய்த பிரேக் வண்டி இறங்கியதும் தளர்ந்துவிடும் அல்லது ஒரு சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். பெடலை மூன்றில் ஒரு பங்கு அமுக்கி மரக்கட்டை கொடுத்து நிறுத்திவிட்டு, நான்கு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பார்க்கிறார்கள். இடது வலது இழுப்பு ஒன்றாக இருக்க வேண்டும். இதற்கு மெஷின் எதுவும் வேண்டாம், வீட்டிலேயே நீங்களும் செய்யலாம்.

லைனிங் (ஷூ என்ற வளைவுத் துண்டின் மேல் வரும், டிரம்மை உரசி நிறுத்தும் பட்டை) ஒட்டும் இடங்கள் நகரத்தில் நிறைய. இங்கே இன்னும் செம்பு ரிவெட்தான். ஷூவின் நடுவிலிருந்து இரண்டு ஓரத்துக்கும் அடித்துக்கொண்டு போகிறார்கள், ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் நடுவில் லைனிங் உப்பி நிற்கும். ரிவெட் தலை லைனிங்குக்குள் நன்றாகப் புதைந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், டிரம்மைக் கீறுவது அந்தத் தலைதான். கெட்டியான லாரி லைனிங் போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அது சூடேறினால்தான் பிடிக்கும். இந்த வண்டியின் மெல்லிய டிரம்மில், நாற்பது கிலோமீட்டர் வேகத்தில், அது சூடே ஏறாது, பெடல் மரக்கட்டை மாதிரி இருக்கும். நெசவு லைனிங் கேளுங்கள். டிரம்மைக் கடைவதிலும் நிதானம் வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை கடைந்து மெலிந்த டிரம் பிரேக் பிடிக்கும்போது வாய் விரியும். மேஸ்திரி அதைச் சொல்லிக் கடைய மறுத்தால் சந்தோஷப்படுங்கள்.

குறை இருக்கிறது, பெரிய குறை. பழைய லைனிங் தூளை ஏர் கன் வைத்து ஊதுகிறார்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு, அந்தத் தூள் நுரையீரலில் தங்கும். ஈரத்துணியால் துடைத்தெடுத்துப் பையில் கட்டிப் போடச் சொல்லுங்கள். டிரம் திறக்கும் நேரத்தில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு போகாதீர்கள்.

டயரை நீங்களே வாங்கிக் கொடுக்க வேண்டும். ஓரம் தடித்த பழைய வகை டயர் ரிம்மின் கொக்கியில் காற்றழுத்தத்தின் பலத்தில் மட்டுமே நிற்கிறது. காற்று குறைந்தால் வளைவில் ரிம்மை விட்டே கழன்று வரும். அதனால் ஒவ்வொரு முறை வெளியே எடுக்கும் முன்னும் அழுத்தம் பார்க்காமல் கிளம்பாதீர்கள். பழைய ரேஸ்களில் ஆளைக் கொன்றதில் டயருக்குப் பெரிய பங்கு. ஒரு மணி நேரத்தில் நூறு மைலைத் தாண்டிய முதல் ஆள் பெர்சி லாம்பர்ட், 1913 பிப்ரவரியில் புரூக்லாண்ட்ஸில். அதே வருஷம் அக்டோபரில் அதே டிராக்கில் பின்டயர் வெடித்து இறந்தார். 1906-ல் லெ மானில் நடந்த முதல் பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் ஃபெரென்ஸ் சிஸ் வென்றதில் ரெனோவின் 13 லிட்டர் இன்ஜினைவிட மிஷ்லானின் கழற்றும் ரிம்முக்குப் பங்கு அதிகம் என்றே சொல்லலாம். மற்றவர்களில் பலர் கத்தியால் டயரை அறுத்து எடுத்துக்கொண்டிருக்க, இவரும் மெக்கானிக்கும் நட்டைக் கழற்றி காற்றடைத்த டயரோடு ரிம்மை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ஓட்டுநரும் கூட உட்கார்ந்த மெக்கானிக்கும் தவிர வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்பது அன்றைய விதி.

இப்போது இன்ஜின். பிக் எண்டுக்கு (பிஸ்டன் தண்டு கிராங்க் ஷாஃப்ட்டைப் பிடிக்கும் இடம்) ஒயிட் மெட்டல், அதாவது முதலில் சொன்ன ஈயம், ஊற்றுவதாகச் சொல்கிறார்கள், ஊற்றவும் செய்கிறார்கள், ஆனால் ஷெல்லுக்கு (அந்த உலோகத்தைத் தாங்கும் ஓடு) வெள்ளீயப் பூச்சு ஏறியிருக்கிறதா என்று பொறுமையாகப் பார்ப்பதில்லை. பூச்சு பிடிக்காத இடத்தில் உலோகம் ஒட்டாது, ஓடும்போது அடி வாங்கி உதிரும். வேலையை வாங்கும்போது மண்ணெண்ணெய்ச் சோதனை செய்யச் சொல்லுங்கள்: பேரிங்கைக் கொஞ்ச நேரம் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, ஷெல்லும் உலோகமும் சேரும் விளிம்பில் சாக்பீஸ் தடவினால், ஒட்டாத இடத்தில் ஈரம் கசிந்து கோடு விழும். கடைவதும் சாதாரண லேத்தில் கண்ணளவாகத்தான். ஜர்னல் (பேரிங்குக்குள் சுழலும் தண்டுப் பகுதி) விட்டம் ஒரு அங்குலத்துக்கு ஆயிரத்தில் ஒரு அங்குல இடைவெளி என்பது பழைய கணக்கு, அதைக் கண்ணளவில் பிடிக்க முடியாது. போரிங் மெஷினும் மைக்ரோமீட்டரும் இருக்கும் இடமாகக் கோவையில் பார்த்துக் கொடுங்கள், போக வர வாடகை கொடுத்தாலும் லாபம்தான். ஆஸ்டின் செவனில் எண்ணெய் சின்ன ஜெட் வழியாகக் கிராங்க் ஷாஃப்ட்டின் துளைக்குள் பீய்ச்சப்படுகிறது. ஜெட் அடைத்தால் பிக் எண்ட் உருகிவிடும். எண்ணெய் மாற்றும்போதெல்லாம் ஜெட்டில் மெல்லிய கம்பி விடச் சொல்லுங்கள். இதை மட்டும் இங்கேயே செய்யலாம்.

கூலி நியாயம். சக்கரம் ஒன்றுக்குக் கோட்டம் எடுக்கத் தனி, கம்பி செட் மாற்றினால் கம்பியின் விலை தனி என்று பிரித்துச் சொல்கிறார்கள். பில் கேட்டால் துண்டுச் சீட்டில் எழுதுகிறார்கள், அதில் எந்தச் சக்கரத்துக்கு எத்தனை கம்பி மாற்றினார்கள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த முறை உதவும். நாள் கணக்கை நம்ப வேண்டாம். அறுவடை நேரத்தில் டிராக்டர்தான் முதல், உங்கள் ஆஸ்டின் தார்ப்பாய்க்குள் தூங்கும். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கிய பிறகு வண்டியை விட்டால் ஈரக்காற்றில் டிரம் துருப்பிடித்து ஷூவோடு ஒட்டிக்கொள்ளும். கை பிரேக்கை இழுத்து விட்டுவிட்டுப் போகாதீர்கள், சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

கொண்டுபோவதற்கு லோடு வண்டி நல்லது. 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டியை 2021 விதிப்படி விண்டேஜ் என்று பதிவு செய்திருந்தால் நம்பரில் 'விஏ' வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், பிறகு 5,000. பராமரிப்புக்கும் பெட்ரோல் போடவும் கண்காட்சி, ராலிக்கும் ரோட்டில் ஓட்டலாம், தினசரி ஓட்டக்கூடாது. பட்டறைக்குப் போவது பராமரிப்புதான் என்றாலும் எல்லையில் கேட்டால் காட்டப் பட்டறைச் சீட்டு கையில் இருக்கட்டும்.

வேலை முடிந்ததும் உடனே நெல்லியாம்பதி மலைக்குக் கிளம்பாதீர்கள். முதலில் சமதளத்தில், ஆள் இல்லாத ரோட்டில், இருபது வேகத்தில் பத்துப் பதினைந்து முறை நிதானமாகப் பிரேக் பிடித்து லைனிங்கை டிரம்மோடு படியவிடுங்கள். டிரம்மைத் தொட்டுப் பாருங்கள், ஒன்று மட்டும் கொதித்தால் அந்தப் பக்கம் கேபிள் அதிகம் இழுக்கிறது, திரும்பி வந்து சரிசெய்யச் சொல்லுங்கள், அதற்குத் தனிக் கூலி வாங்குவதில்லை. மலைக்குப் போனால் ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.