விளாச்சேரி பொம்மை: முகத்துக்கு முன் அடியைப் பாருங்கள்

திருப்பரங்குன்றம் வரை அடிக்கடி போகிறவர்களில்கூடப் பலர் பக்கத்திலேயே இருக்கும் விளாச்சேரிக்குள் நுழைந்ததில்லை. பசுமலையிலிருந்து மேற்கே பிரியும் சாலையில் போனால் ஊர் வந்துவிடும். கண்ணாடி ஷோரூமைத் தேடாதீர்கள். மண் வனையும் வேளார் குடும்பங்களின் வீடுகள்தான் கடை. திண்ணையில் பொம்மை காயும், முற்றத்தில் அச்சுகள் அடுக்கியிருக்கும், உள்ளே ஒருவர் வர்ணம் தீட்டிக்கொண்டிருப்பார். கொலு பொம்மையை இப்படிச் செய்கிற இடத்திலேயே, செய்கிறவர் கையிலிருந்தே வாங்க முடிவது மதுரைக்காரர்களுக்குக் கிடைத்த வரம். மேலவெளி வீதியில் உள்ள அரசு கைவினைப்பொருள் கடையான பூம்புகாரில் கொலுக் கண்காட்சி நடக்கும்போது பல ஊர் பொம்மைகளை ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம், அதுவும் நல்லதுதான். ஆனால் வர்ணம் பூசுவதற்கு முன் பொம்மை எப்படி இருந்தது என்பதை அங்கே பார்க்க முடியாது. விளாச்சேரியில் முடியும். இந்த ஒரு காரணத்துக்காகவே அங்கே போகச் சொல்கிறோம்.

வர்ணம் பூசிவிட்டால் எல்லாப் பொம்மையும் ஒன்றுபோலத்தான் தெரியும். உள்ளே இருப்பது நான்கில் ஒன்று: சுட்ட மண், சுடாத மண், காகிதக் கூழ், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். கேட்டால் சொல்வார்கள். இருந்தாலும் நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள். பொம்மையைத் திருப்பினால் அடியில் துவாரம் இருக்கும். விரல் நுனியை நனைத்து உள்பக்கம் தேயுங்கள். சேறு ஒட்டினால் சுடாத மண். ஈரத்தை இழுத்துக்கொண்டு விரல் சுத்தமாக வந்தால் சுட்ட மண். நகத்தால் கீறி வெள்ளைப் பொடி உதிர்ந்தால் பிளாஸ்டர். கூழ் பொம்மையைக் கையில் எடுத்ததுமே எடை சொல்லிவிடும். பிறகு விரல் கணுவால் மெல்லத் தட்டுங்கள். நன்றாக வெந்த மண் கணீரென்று ஒலிக்கும். 'டொப்' என்று கேட்டால் வேக்காடு போதவில்லை, அல்லது எங்கோ கீறல் ஓடுகிறது.

பல வருடம் வைத்திருக்க வேண்டிய பொம்மைக்குச் சுட்ட மண்ணையே சிபாரிசு செய்கிறோம். கண்மாய் மண்ணைச் சலித்துக் கல், வேர் நீக்கி, மணல் கலந்து, காலால் மிதித்துப் பதப்படுத்துவார்கள். முன்பாதி, பின்பாதி என்று இரண்டு அச்சில் மண்ணை அப்பி, கூழான மண் தடவி ஒட்டுவார்கள். நிழலில் சில நாள் காய்ந்தபின் சூளை. இதில் எங்கே தவறினாலும் பின்னால் தெரியும். அப்பிய மண் ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிந்திருந்தால், காயும்போது சுருக்கம் ஒரே அளவாக இராது, கீறல் விடும். வெயிலில் அவசரமாகக் காயவைத்தால் மேல்பக்கம் மட்டும் இறுகும். உள்ளே ஈரம் தங்கியபடி சூளைக்குப் போனால் அது ஆவியாகி வெடிக்கும். அடித் துவாரம் விடுவதும் ஆவி வெளியேறத்தான். ஆகவே காதுக்குப் பின்னால், தோள், இடுப்பு ஓரமாக ஓடும் ஒட்டுக்கோட்டை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே மயிரிழை அளவு கோடு தெரிந்தாலும் வேறு பொம்மை கேளுங்கள். நீட்டிய கை, வேல், வீணைத் தண்டு, மயில் கழுத்து ஆகியவைதான் முதலில் ஒடியும். உடலோடு ஒட்டிய கை உள்ள பொம்மை நீண்ட நாள் வரும்.

கூழ் பொம்மையை ஒதுக்கிவிட வேண்டாம். வயதானவர்கள் பரணிலிருந்து இறக்க வேண்டிய வீட்டுக்கும், ஒன்றரை அடிக்கு மேல் உயரமான பொம்மைக்கும் அதுதான் சரி. காகிதக் கூழ், சுண்ணப் பொடி, மாவுப் பசை சேர்ந்தது. பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலந்தார்களா என்று கேளுங்கள். கலக்காவிட்டால் பூச்சி அரிக்கும். ஓதம் ஏறும் சுவரோரம் இதை வைக்கக் கூடாது.

விநாயகர் சதுர்த்திக்கு வாங்கினால் கணக்கு தலைகீழ். கரைக்க வேண்டிய பிள்ளையார் சுடாத மண்ணாக, வர்ணம் இல்லாமல் இருக்க வேண்டும். சுட்டது எத்தனை நாள் ஊறினாலும் கரையாது. கரைப்பதற்கான சிலைகளில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020 வழிகாட்டுதல் சொல்கிறது. சிறிய பச்சை மண் பிள்ளையாரை வீட்டு வாளியிலேயே கரைத்துச் செடிக்கு ஊற்றிவிடலாம்.

செட்டாக வாங்கும்போது எண்ணிக்கை முக்கியம்: தசாவதாரம் 10, அஷ்டலட்சுமி 8. எல்லாவற்றையும் தரையில் ஒரே வரிசையில் நிறுத்திப் பாருங்கள், உயரமும் முகச்சாயலும் ஒத்துவர வேண்டும். மீனாட்சி திருக்கல்யாண செட்டில் தாரை வார்க்கும் பெருமாளின் கை சரியான இடத்துக்கு வருகிறதா என்று மூன்றையும் சேர்த்து வைத்தால்தான் தெரியும். கண் எழுதிய விதத்தில்தான் கைத்திறன் தெரிகிறது. இரண்டு கருவிழியும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். விலையும் உயரத்தைவிட இந்த நுண்வேலையைப் பொறுத்தே ஏறும், அது நியாயமே. பேரம் பேசுவதானால் எண்ணிக்கையில் பேசுங்கள், கண்ணுக்கும் நகைக்கும் ஆன வேலையில் வேண்டாம்.

போகுமுன் வீட்டுப் படியை அளந்துகொள்ளுங்கள். படிக்குப் படி 10 அங்குல ஏற்றம் இருந்தால், முன்வரிசையில் 12 அங்குல பொம்மை பின்படியை மறைத்துவிடும்.

சொல்லி வைத்துச் செய்ய வேண்டுமானால் ஆடியிலேயே போய்விடுங்கள். ஆவணியில் பிள்ளையார் வேலை, அது முடிந்ததும் புரட்டாசி கொலு. கடைசி வாரத்தில் வாங்கும் பொம்மையில் அடிப்பூச்சு காயாமலே மேல்வர்ணம் ஏறியிருக்க வாய்ப்புண்டு, அது அடுத்த வருடமே செதில் செதிலாக உதிரும். கிறிஸ்துமஸ் குடில் சொரூபங்களும் இங்கே செய்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்வதும் சூளையும் தாமதமாகும் என்பதால் அதற்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

குறை என்றால் கட்டித் தரும் முறைதான். செய்தித்தாளில் சுற்றினால் மை, வெளிர் வர்ணத்தில் ஒட்டும். பழைய வெள்ளை வேட்டித் துணி, அட்டைப்பெட்டி, வைக்கோல் மூன்றையும் நீங்களே கொண்டுபோங்கள். முதலில் துணி, கழுத்துக்கும் கைக்கும் தனிச்சுற்று, பிறகு வைக்கோல். பெட்டியில் படுக்கவைக்காமல் நிறுத்தி வையுங்கள். பிளாஸ்டிக் பை கட்டி வருடம் முழுக்க மூடி வைத்தால் உள்ளே வியர்த்து வர்ணம் பிசுபிசுக்கும்.

பொம்மை வாங்கியபின் அரைமணி நேரம் இருந்தால், இதே ஊரில் 1870இல் பிறந்த பரிதிமாற் கலைஞரின் நினைவு இல்லத்தையும் பார்த்துவிடுங்கள். சூரியநாராயண சாஸ்திரி என்ற தம் பெயரையே தமிழாக்கிக்கொண்டவர், தமிழ் செம்மொழி என்று முதலில் குரல் கொடுத்தவர். 1903இல், 33 வயதிலேயே மறைந்தார். அரசு அந்தத் தகுதியை அறிவித்தது 2004இல்.

வீட்டில் பாட்டி காலத்துப் பொம்மை மங்கிக் கிடந்தால் அதையும் எடுத்துப்போய், வர்ணம் புதுப்பித்துத் தருவீர்களா என்று கேட்டுப் பாருங்கள். கொண்டுபோகுமுன் ஈரத்துணியால் துடைக்க வேண்டாம், உலர்ந்த தூரிகையால் தூசி தட்டினால் போதும். ஒடிந்த விரல், மூக்குத் துண்டு இருந்தால் ஒரு தாளில் மடித்துக் கூடவே கொடுத்துவிடுங்கள். புதிதாக வனைந்து ஒட்டுவதைவிட அதே துண்டை ஒட்டுவது நன்றாகப் பொருந்தும்.