எட்டுக்குப் பூஜ்யம், ஆனாலும் வெற்றி: பேஸ்பால் புள்ளிவிவரங்களோடு 13 சீசன்

2012 வசந்தத்தில் வேலை மாறி மேரிலாந்துக்கு வந்தேன். அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேச்செல்லாம் உள்ளூர் பேஸ்பால் அணியான பால்டிமோர் ஓரியோல்ஸ் பற்றித்தான். பேச்சு என்பதைவிடப் புலம்பல். 1998 முதல் 2011 வரை 14 சீசன், ஒன்றுவிடாமல், வென்றதைவிடத் தோற்றது அதிகம். கிரிக்கெட்டில் ஊறிய எனக்கு ஆட்டம் பிடிபடவில்லை. பக்கத்து இருக்கைக்காரர், "ஆட்டத்தை அப்புறம் பார், முதலில் பாக்ஸ் ஸ்கோர் (ஒரு ஆட்டத்தின் எண்களெல்லாம் அடங்கிய அட்டவணை) படிக்கப் பழகு" என்று பேஸ்பால் ரெஃபரன்ஸ் என்ற புள்ளிவிவரத் தளத்தைத் திறந்து காட்டினார். அன்று தொடங்கியது. 2024 வரை 13 சீசன், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அநேகமாகத் தினமும். கூடவே ஒரு கோடு போட்ட நோட்டு. கண்ணில் படும் விசித்திரங்களை அதில் எழுதிவைப்பேன்.

நோட்டின் முதல் பதிவே இன்னும் எனக்குப் பிடித்த பதிவு. 2012 மே 6, ஞாயிறு, பாஸ்டன் ஃபென்வே பார்க். வழக்கமாக ஒன்பது இன்னிங்ஸில் முடியும் ஆட்டம் அன்று 17 இன்னிங்ஸ், ஆறு மணி நேரத்துக்கும் மேல். ஓரியோல்ஸிடம் பிட்சர்கள், அதாவது பந்து வீசுபவர்கள், தீர்ந்துபோனார்கள். அன்று அடிப்பதற்கென்றே இறக்கப்பட்டிருந்த கிறிஸ் டேவிஸைக் கூப்பிட்டுப் பந்தைக் கையில் கொடுத்தார்கள். அவர் அதுவரை என்ன அடித்திருந்தார் என்றால், 8 முறை மட்டை பிடித்து ஒரு ஹிட்கூட (அடித்துவிட்டு ஓடி ஒரு பேஸாவது சேர்வது) இல்லை, அதில் ஐந்து ஸ்ட்ரைக் அவுட் (பந்தை அடிக்க முடியாமலே அவுட்). அந்த மனிதர் இரண்டு இன்னிங்ஸ் வீசி ஒரு ரன்னும் கொடுக்கவில்லை. பாஸ்டன் பக்கமும் பிட்சர் கிடையாது. டார்னெல் மெக்டொனால்டு என்ற அவுட்ஃபீல்டர் (எல்லைப் பக்கம் நின்று ஃபீல்டிங் செய்பவர்) வீசினார். ஓரியோல்ஸின் ஆடம் ஜோன்ஸ் அவர் பந்தில் மூன்று ரன் ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடித்தார். கடைசியில் அதே மெக்டொனால்டு மட்டையோடு வந்து டேவிஸ் பந்தில் டபுள் பிளேயாகி (ஒரே அடியில் இரண்டு பேர் அவுட்) ஆட்டத்தை முடித்துவைத்தார். ஓரியோல்ஸ் 9-6 என்று வென்றது. இரு அணிகளும் ஒரே ஆட்டத்தில் பிட்சர் அல்லாதவரை வீசவைத்தது 1925-க்குப் பிறகு அதுவே முதல் முறை. அப்போது வீசியவர்கள் டை காப், ஜார்ஜ் சிஸ்லர்.

பாக்ஸ் ஸ்கோரில் மேலே பேட்டர் டேவிஸ் 8-க்கு 0. கீழே வெற்றி பெற்ற பிட்சர், டேவிஸ். ஒரே பெயர். சரி, இந்த ஆட்டம் நமக்கு ஒத்துவரும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

அந்த சீசன் முழுக்கவே அப்படித்தான் போனது. ஒரு ரன் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் 29 வெற்றி, 9 தோல்வி. கூடுதல் இன்னிங்ஸ் ஆட்டங்களில் முதல் இரண்டையும் தோற்றுவிட்டு, பிறகு 16-ஐ வரிசையாக வென்றார்கள். ஏழு இன்னிங்ஸ் முடிவில் முன்னிலையில் இருந்தால் 74 வெற்றி, 0 தோல்வி. ஆனால் 162 ஆட்டத்தையும் கூட்டிப் பார்த்தால் எடுத்தது 712 ரன், கொடுத்தது 705. ஏழே ஏழு ரன் கூடுதல்! பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் வகுத்த 'பித்தகோரஸ்' கணக்கு ஒன்று உண்டு. எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்தது, கொடுத்தது இரண்டின் வர்க்கக் கூட்டுத்தொகையால் வகுத்து, ஆட்ட எண்ணிக்கையால் பெருக்கினால் எத்தனை ஆட்டம் வென்றிருக்க வேண்டும் என்று சொல்லும். ஓரியோல்ஸுக்கு அது சொன்னது 82. அவர்கள் வென்றது 93.

நான் புதுப் பக்தன். இதெல்லாம் மனவுறுதி, கேப்டன்சி (பேஸ்பாலில் அதை மேனேஜர் என்பார்கள் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை) என்று வாதாடினேன். பக்கத்து இருக்கைக்காரர் சிரித்துவிட்டு, "அடுத்த வருஷம் பேசலாம்" என்றார். அடுத்த வருஷம் வரை காத்திருக்கத் தேவைப்படவில்லை. அக்டோபர் 10, நியூயார்க் யாங்கீஸோடு பிளே ஆஃப் மூன்றாம் ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸ் வரை ஓரியோல்ஸ் 2-1 முன்னிலை. யாங்கீஸில் அலெக்ஸ் ரோட்ரிகஸுக்குப் பதிலாக வந்த ரவுல் இபான்யஸ் ஹோம் ரன் அடித்துச் சமன் செய்தார். 12-வது இன்னிங்ஸில் இன்னொன்று அடித்து முடித்தே விட்டார். 74-0-வும் போனது, 16 தொடர் வெற்றியும் போனது, ஒரே ராத்திரியில். 2013-ல் ரன் வித்தியாசம் பிளஸ் 36 என்று முன்னேறியது. வெற்றியோ 85-ஆகக் குறைந்தது. ஒரு ரன் ஆட்டங்களில் 20-31. பக்கத்து இருக்கைக்காரர் எதுவும் சொல்லவில்லை. அச்செடுத்த காகிதத்தை மட்டும் என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

தளத்தின் வசதி பற்றிச் சொல்லியாக வேண்டும். பழைய பாணி முகம், எண்கள் நெருக்கமாக நிற்கும், கைபேசியில் விரலால் தள்ளித் தள்ளித்தான் பார்க்க வேண்டும். பழகிவிட்டால் வேறெதுவும் பிடிக்காது. எதைத் தொட்டாலும் இன்னொரு பக்கம் திறக்கும். ஒன்பது மணிக்கு உட்கார்ந்து நிமிர்ந்தால் பதினொன்று. நடுவில் அழகாக இருக்கிறதே என்று வேறொரு செயலியை ஒரு சீசன் வைத்திருந்தேன். தோற்ற ஆட்டத்தை வென்றதாக இரண்டு தடவை அறிவிப்பு அனுப்பியது. தூக்கிவிட்டேன்.

பெயர்க் குழப்பம் ஒன்று. கிறிஸ் டேவிஸ் என்று இரண்டு பேர். ஆங்கிலத்தில் ஒருவருக்குச் சி, இன்னொருவருக்குக் கே என்றாவது வேறுபாடு உண்டு. தமிழில் எழுதினால் அதுவும் இல்லை, என் நோட்டில் 'பால்டிமோர் டேவிஸ்', 'ஓக்லாந்து டேவிஸ்' என்று குறித்திருக்கிறேன். ஓக்லாந்துக்காரர் 2015-ல் மில்வாக்கியில் ஆடியபோது சராசரி (மட்டை பிடித்ததில் ஹிட் ஆன பங்கு) 0.247. ஓக்லாந்து போய் 2016-ல் 0.247. 2017-ல் 0.247. 2018-ல் 48 ஹோம் ரன் அடித்து எல்லாரையும் முந்தினார். சராசரி மட்டும் அதே 0.247. சாவி கொடுத்த கடிகாரம்கூட இவ்வளவு சுத்தமாக ஓடாது.

தேதிகளும் விளையாட்டு காட்டும். மழையால் நின்ற ஆட்டம் மாதக்கணக்கில் கழித்துத் தொடர்ந்தாலும் பழைய தேதியிலேயே பதிவாகும். வாஷிங்டனின் வான் சோட்டோ முதன்முதலில் களமிறங்கியது 2018 மே 20. அதற்கு முன், மே 15 அன்று நின்றுபோன ஆட்டத்தை ஜூன் 18-ல் தொடர்ந்தார்கள். அதில் வந்து ஹோம் ரன் அடித்தார். ஏட்டுப்படி, அறிமுகத்துக்கு ஐந்து நாள் முன்பே ஹோம் ரன். இதையும் மிஞ்சியவர் டேனி ஜான்சன். 2024 ஜூன் 26-ல் டொராண்டோவுக்காக மட்டை பிடித்து நின்றபோது மழை வந்து ஆட்டம் நின்றது. ஜூலையில் அவரைப் பாஸ்டனுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆகஸ்ட் 26-ல் ஆட்டம் தொடர்ந்தபோது அவர் பாஸ்டனின் கேட்சராக, தான் பாதியில் விட்ட பேட்டிங் இடத்துக்குப் பின்னாலேயே குந்தியிருந்தார். இரண்டு அணிப் பட்டியலிலும் அவர் பெயர். நூறாண்டு கடந்த மேஜர் லீகில், அதாவது அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் லீகில், இது முதல் தடவை.

'முதல் தடவை' என்ற சொல்லிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். காசு கட்டினால் கிடைக்கும் தேடல் வசதியை 2016-ல் எடுத்தேன். ஆறு மாதம் பைத்தியம் பிடித்து அலைந்தேன். இடதுகைக்காரர், ஏழாவது இடத்தில் ஆடியவர், பகல் ஆட்டம், இரண்டு டபுள் (இரண்டாம் பேஸ் வரை ஓடும் ஹிட்), ஒரு பேஸ் திருட்டு என்று நிபந்தனையை அடுக்கினால் எவரும் வரலாற்றில் முதல்வர்தான். அலுவலகத்தில் இப்படி நாலைந்து 'சாதனை'களைச் சொன்ன பிறகு, நான் வந்தால் ஆட்கள் காபி எடுக்கப் போய்விடுவார்கள். இப்போது என் அளவுகோல் இது: நிபந்தனை ஒரு மூச்சில் சொல்லி முடியவேண்டும். பழைய நட்சத்திர வீரர் ஸ்டான் மியூசியல் அடித்த 3,630 ஹிட்டில் சொந்த மைதானத்தில் 1,815, வெளியில் 1,815. இதற்கு நிபந்தனையே வேண்டாம்.

பால்டிமோர் டேவிஸ் 2013-ல் 53 ஹோம் ரன் அடித்தார். ஐந்தே வருடத்தில், 2018-ல், சராசரி 0.168. அந்த செப்டம்பரில் தொடங்கி அடுத்த ஏப்ரல் வரை 54 முறை ஹிட்டே இல்லை. பழைய சாதனை 46. அந்த வாரங்களில் அவர் பக்கத்தை நான் திறக்கவேயில்லை. நோட்டிலும் எழுதவில்லை, சிரிப்பு வரவில்லை. 2019 ஏப்ரல் 13 அன்று முதல் இன்னிங்ஸிலேயே சிங்கிள் (முதல் பேஸ் வரை ஓடும் ஹிட்) அடித்தார், இரண்டு ரன் வந்தது. எந்த மைதானம் என்று பார்த்தேன். ஃபென்வே பார்க். நோட்டைப் புரட்டி முதல் பக்கத்துக்குப் போய், 2012 மே 6-க்குக் கீழே மிச்சமிருந்த இடத்தில் அதையும் எழுதிவைத்தேன்.