எயார் கூலர்: கச்சான் காற்றுக்கு உதவும், கடற்காற்றுக்கு உதவாது

வெயிற்காலத்தைச் சிறுவயது முதலே வெறுப்பவன் நான். இவ்வருடச் சித்திரையில் கல்லடி வீட்டில் இருப்புக்கொள்ளாமல், மட்டக்களப்பு நகரக் கடையொன்றில் 20 லீற்றர் தொட்டியுள்ள எயார் கூலர் ஒன்றை வாங்கினேன். ஐந்து மாதங்கள் பாவித்த பின்பே இதை எழுதுகிறேன்.

"ஏசி மாதிரிக் குளிரும்" என்றார் விற்றவர், குளிரவில்லை. நனைந்த அட்டையினூடாகக் காற்றை இழுத்து, தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் குறைப்பதே இதன் வேலை என்பதால், வரும் காற்று எவ்வளவு உலர்ந்ததோ அவ்வளவுக்கே பயன் கிடைக்கும். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டில் கொட்டிவிட்டு, இப்பக்கம் இறங்கும்போது சூடேறி வறண்ட கச்சானாக வீசுகிறதல்லவா, அந்தப் பகல்களில் இக்கருவி உண்மையிலேயே கைகொடுத்தது. அறையில் 33 பாகை காட்டிய வெப்பமானியைக் கூலரின் முன் வைத்தால் 29 காட்டியது.

கடற்காற்று திரும்பிய பின் நிலைமை தலைகீழ். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் இருக்கும் ஊரில் இரவுக் காற்றே ஈரமானது. அதில் மேலும் ஈரத்தைச் சேர்த்தால் தலையணை நமத்துப்போகிறது, உடம்பு பிசுபிசுக்கிறது. ஆகவே இரவில் தண்ணீர்ப் பம்பை நிறுத்திவிட்டு வெறும் மின்விசிறியாகவே ஓட்டுகிறேன். யன்னல்களைப் பூட்டச் சொன்ன கடைக்காரரின் ஆலோசனையும் பிழை. பின்புற யன்னல் திறந்திருந்தால்தான் ஈரக்காற்று தேங்காது. உடன் தந்த ஐஸ் கட்டிகள் அரை மணி நேரத்தில் கரைகின்றன. அவற்றை உறையவைக்கும் குளிர்சாதனப்பெட்டி அந்த வெப்பத்தை என் சமையலறைக்குள்ளேயே விடுகிறது என்பது வேறு கதை.

கிணற்று நீரால் அட்டையில் வெள்ளைப் படிவு ஏறுகிறது. இரு வாரத்துக்கொருமுறை வினாகிரி கலந்த நீரில் கழுவுகிறேன். மின்கட்டணம் பெரிதாக உயரவில்லை.

படுவான்கரைப் பக்கம், கடலிலிருந்து தள்ளி இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். கரையோரத்தவர்கள் நல்ல மின்விசிறியோடு நிறுத்திக்கொள்வது மேல்.

இப்போது புரட்டாதி. நாம் பூமத்திய ரேகையிலிருந்து எட்டுப் பாகைக்குள் இருப்பதால் ஆனிக்கும் மார்கழிக்கும் இடையே பகற்பொழுது ஒரு மணித்தியாலம்கூடக் குறைவதில்லை என்று தெரிந்தும், ஆறு மணிக்கு முன்பே இருட்டும் அந்த நாட்களுக்காகக் காத்திருக்கிறேன். கூலர் வந்த பெட்டியை எறியவில்லை. வாடை மழை இறங்குமுன் அட்டையைக் காயவைத்து உள்ளே வைக்கவேண்டும்.