கடற்கரை ஊரில் ஆம்ப்ளிஃபையர்: கிளாஸ் டி போர்டா, 2என்3055-ஆ?

கடலூர் தேவனாம்பட்டினத்தில் எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் கடல் காற்று நேராக ஆம்ப்ளிஃபையர் மேல்தான் வந்து விழும். அந்த இடத்தில் முதலில் இருந்தது டிபிஏ3116 என்ற ஐசி (சிப்) வைத்து ரெடிமேடாக வரும் கிளாஸ் டி ஆம்ப்ளிஃபையர் போர்டு. இப்போது பாடுவது 2என்3055, எம்ஜே2955 என்ற பவர் டிரான்சிஸ்டர் ஜோடி போட்டு நானே கட்டியது. ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறேன்: இனி என் வீட்டில் டிரான்சிஸ்டர்தான்.

கிளாஸ் டி போர்டின் நல்லது எல்லாருக்கும் தெரிந்ததுதான். 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) ஒன்று, நாலைந்து ஒயர், அரை மணி நேரத்தில் பாட்டு. 90 சதவீதத்துக்கு மேல் எஃபிஷியன்சி என்பதால் சூட்டை வெளியேற்ற சின்ன ஹீட்சிங்க் (உலோகத் தகடு) போதும். இன்வெர்ட்டரின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து நேரடியாகவும் ஓடும், சத்தம் குறையும், அவ்வளவுதான். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்த பிறகு இருட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். நான் கட்டிய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரால் இது முடியாது. ஒலித் தரத்தில்? ஹாலில் சாதாரணமாகக் கேட்கும் அளவில் என் காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

வித்தியாசம் தெரிந்தது பழுதானபோதுதான். இரண்டாவது மழைக்காலத்தில் ஒரு பக்கம் கரகரத்தது, பிறகு நின்றேவிட்டது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஐசியின் கால்களுக்கு நடுவே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. அந்தக் கால்களுக்கு இடையே அரை மில்லிமீட்டர்கூட இடைவெளி கிடையாது. ஈரமும் உப்பும் சேர்ந்து அங்கே பாலம் போட அதிக நாள் ஆகாது. தின்னரில் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்தேன், மூன்று வாரம் பாடியது. அப்புறம் ஒரேயடியாகப் போனது. திருப்பாதிரிப்புலியூரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். "இதுக்கு ஹாட் ஏர் மிஷின் வேணும் தம்பி. ஐசி வாங்கி மாத்துற செலவுக்குப் புது போர்டே வந்துடும்" என்றார். ஒரே ஒரு போர்டை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன், அதற்கு ஈரம் படாமல் காக்கும் லாக்கர் பூச்சும் அடித்திருக்கவில்லை. அடித்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருக்கலாம்.

டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர் கட்ட எனக்கு ஆறு வாரம் பிடித்தது. 18-0-18 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், ஏசியை டிசி ஆக்கும் பிரிட்ஜ், இரண்டு பெரிய கண்டென்சர். எட்டு ஓம் ஸ்பீக்கரில் சுமார் 25 வாட், வீட்டுக்குத் தாராளம். முதல்முறை ஆன் செய்யும்போது மெக்கானிக் அண்ணன் சொன்னபடி மெயின் மின்சாரம் வரும் வழியில் ஒரு குண்டு பல்பை சீரிஸாக (தொடராக) போட்டேன். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் சரி, பிரகாசமாகவே நின்றால் எங்கோ ஷார்ட்.

போன வருடம் பின்பக்கம் ஸ்பீக்கர் ஒயரின் பிசிறுகள் ஒன்றோடொன்று தொட்டுவிட்டன. ஃபியூஸ் போவதற்குள் 2என்3055 போய்விட்டது. மல்டிமீட்டரில் அதன் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே 'பீப்' என்றது, அதாவது உள்ளே ஷார்ட். சாக்கெட்டில் போட்டிருந்ததால் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி, மைக்காத் தாளைத் துடைத்து, சூடு கடத்தும் பேஸ்ட் தடவிப் புதியதை மாட்டினேன். கூடவே போயிருந்தது அதை இயக்கும் டிரைவர் டிரான்சிஸ்டர் பிடி139, அதற்கு மூன்றே கால், மாற்றுவது சுலபம். இரவு சாப்பாட்டுக்கு முன் பாட்டு வந்துவிட்டது. டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தாலும் வைண்டிங் செய்பவரிடம் கொடுத்துச் சுற்றிக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. ஒரு கடையில் மலிவாகக் கிடைத்த 2என்3055 பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. மூடியை அறுத்துப் பார்த்தேன், உள்ளே சிலிக்கான் கடுகளவுதான் இருந்தது. இன்னொன்று, அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் டிசி நேராக ஸ்பீக்கருக்குப் போய் வூஃபர் கருகிவிடும். அதனால் டிசி வந்தால் ஸ்பீக்கரைத் துண்டிக்கும் ப்ரொடெக்‌ஷன் ரிலே போர்டு கட்டாயம்.

எல்எம்3886 என்ற ஆம்ப்ளிஃபையர் ஐசி இரண்டுக்கும் நடுவில் வரும். 11 கால், சுற்றிலும் சில பாகங்கள், ஷார்ட்டுக்கும் சூட்டுக்கும் உள்ளேயே பாதுகாப்பு, 4 ஓமில் 68 வாட் வரை. முதல்முறை கட்டுபவருக்கு இதையே சொல்வேன். நண்பர் வீட்டில் இரண்டு நாள் கேட்டதோடு சரி, வருடக்கணக்கில் ஓட்டிய அனுபவம் எனக்கில்லை. பண்ருட்டிப் பக்கம் கடலிலிருந்து உள்ளே தள்ளி வீடு, பேட்டரியில் ஓட வேண்டும் என்றால் கிளாஸ் டி தாராளமாக வாங்கலாம்.

டிரான்சிஸ்டருக்கும் உப்பு பிடிக்கத்தான் செய்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் மூடியைக் கழற்றி, பிரஷ்ஷால் துடைத்து, 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் மீட்டரை வைப்பேன். பாட்டில்லாதபோது 11 மில்லிவோல்ட் காட்டினால் டிரான்சிஸ்டரில் 50 மில்லிஆம்பியர் ஓடுகிறது என்று அர்த்தம். கூடியிருந்தால் ப்ரீசெட்டை (திருகிச் சரிசெய்யும் சின்ன ரெசிஸ்டர்) கொஞ்சம் திருப்பிச் சரிசெய்து, மூடியைப் போட்டுவிடுவேன்.