கழுத்துக்குள் ஒரு பிரஸ் பட்டன்

இருபத்தாறு வருடமாகத் தையல் மிஷினைக் குனிந்து பார்த்த கழுத்து இது. ஐந்தாவது, ஆறாவது எலும்புகளுக்கு நடுவே ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்தியது. வலியைக்கூடப் பொறுத்தேன். வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போய், ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனதும்தான் கத்திக்குச் சம்மதித்தேன்.

டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஜவ்வை எடுத்துவிட்டு எலும்புகளை ஒன்றாக ஒட்டவைப்பது, அல்லது அந்த இடத்தில் செயற்கை டிஸ்க், அதாவது செயற்கை ஜவ்வு, வைப்பது. ஒட்டிவிட்டால் அந்த இடம் அசையாது. அதன் பாரமும் மேலே கீழே உள்ள ஜவ்வுகள் தலையில் விழும். மாதிரியைக் கையில் கொடுத்தார். மேலும் கீழும் கோபால்ட்-குரோமியத் தகடுகள், நடுவில் பாலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக் குமிழ். அட, பிரஸ் பட்டன்! பட்டன் பூட்டிக்கொள்ளும், இது வழுக்கி அசையும், அவ்வளவுதான் வித்தியாசம். எலும்பைத் தொடும் பக்கம் சொரசொரப்பாக இருக்கிறது. எலும்பு வளர்ந்து அதைப் பிடித்துக்கொள்ளுமாம். கழுத்தெலும்பின் பின்பக்க மூட்டுகள் தேய்ந்தவர்களுக்கு இதை வைக்க மாட்டார்கள், எனக்குத் தேயவில்லை.

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸில் இரண்டு தங்கம் வென்ற காரின் யான்ஸ், பின்னாளில் மருத்துவராகி, கிழக்கு பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனையில் கீழ்முதுகுக்கான செயற்கை டிஸ்கை உருவாக்கியவர்களில் ஒருவர் என்று மகள் படித்துக் காட்டினாள். 1984-இல் முதன்முதலில் பொருத்தினார்களாம். என்னுடையது வேறு வகை, கழுத்துக்கானது. ஆனாலும் முதுகை வில்லாக வளைத்த ஒருவர் கை வைத்த விஷயம் என்றதும் பாதி பயம் போய்விட்டது.

வெட்டு பின்னால் இல்லை, தொண்டைப் பக்கம். சுருக்கத்தோடு சேர்ந்துவிட்டதால் தையல் தெரியவில்லை. தொழில்முறையில் சொல்கிறேன், நல்ல கை. பத்து நாள் சோறு இறங்க மறுத்தது, ரசம்தான் காப்பாற்றியது. இப்போது ஸ்கூட்டரில் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறேன்.

கோபம் பில்லில்தான். ஒட்டவைக்கும் செலவுக்கு மேல் ஒரு ரூபாய் தர இன்ஷூரன்ஸ் மறுத்தது. டிஸ்கின் வரிசை எண் ஒட்டிய அட்டையை ஆஸ்பத்திரியில் மூன்றாம் முறை கேட்ட பிறகே தந்தார்கள். நாளை எந்த டாக்டரிடம் போனாலும் உள்ளே இருப்பது என்ன என்று அதைக் காட்டித்தானே சொல்ல முடியும்? பட்டன் டஜனுக்கே நான் ரசீது கொடுக்கிறேன்.

கட்டைவிரல் திரும்பிவிட்டது. ஆள்காட்டி விரல் நுனி இன்னும் தெளியவில்லை. பிளவுஸ் கொக்கி வைக்கும் வேலையை இப்போதைக்கு மனைவியிடம் விட்டிருக்கிறேன்.